பிரீமியர் லீக்கின் பணமும் கீழ்நிலைக் கழகங்களின் பற்றாக்குறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் நான்கு படிநிலைகளில் 92 கழகங்கள் ஆடுகின்றன. உச்சியில் இருக்கும் பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்ற மூன்று பிரிவுகளிலும் பிரிவுக்கு 24 வீதம் 72 கழகங்கள். இந்த 72 கழகங்களையும் நிர்வகிக்கும் அமைப்பு இங்கிலீஷ் ஃபுட்பால் லீக், சுருக்கமாக இஎஃப்எல். ஆட்டத்தின் விதிகள் நான்கு படிநிலைகளிலும் ஒன்றே என்றாலும் பணத்தின் விதிகள் வேறுவேறாக இருக்கின்றன. அவை எப்படி வேறுபட்டன, அதனால் என்ன விளைந்தது என்பதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

இடைவெளி உண்மையிலேயே அவ்வளவு பெரியதா?

ஆம். 2023-24 பருவத்தில் பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழிறங்கிய ஷெஃபீல்ட் யுனைடெட், லீக்கின் பொதுநிதியிலிருந்து ஏறத்தாழ 11 கோடி பவுண்டு பெற்றது. பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி பெற்றது சுமார் 17.6 கோடி பவுண்டு. இப்போது அடுத்த தளத்தைப் பாருங்கள். 2024-25 பருவத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஸ்கை நிறுவனத்துடன் இஎஃப்எல் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு 93.5 கோடி பவுண்டு. அதிலும் 4 கோடி ரொக்கமாக அல்லாமல் விளம்பர ஆதரவாகக் கிடைப்பது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 72 கழகங்களுக்கும் சேர்த்து வரும் உறுதியான தொகை சுமார் 18 கோடி பவுண்டு. அதாவது, மேல்தளத்தில் ஒரே ஒரு கழகம் ஒரே ஆண்டில் பெற்றதும், கீழே மூன்று பிரிவுகள் முழுவதும் ஓராண்டில் பெறுவதும் கிட்டத்தட்டச் சமம்.

இதே காலத்துக்குப் பிரீமியர் லீக் உள்நாட்டு ஒளிபரப்பை மட்டும் நான்கு ஆண்டுகளுக்கு 670 கோடி பவுண்டுக்கு விற்றிருக்கிறது. வெளிநாட்டு உரிமைகளின் வருவாய் அதற்கு மேல்.

முன்பும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. 1888இல் 12 கழகங்களுடன் ஃபுட்பால் லீக் தொடங்கிய நாளிலிருந்தே, ஒரு கழகம் ஆட வேண்டுமானால் எதிரணியும் உயிரோடு இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கு அதன் நிர்வாகிகளுக்குத் தெரிந்திருந்தது. பல பத்தாண்டுகள் லீக் ஆட்டங்களின் நுழைவுச்சீட்டு வசூலில் ஐந்தில் ஒரு பங்கு விருந்தினராக வந்த அணிக்குப் போனது. தொலைக்காட்சிப் பணம் வரத் தொடங்கியபோது அது சிறிய தொகையாக இருந்தது. 92 கழகங்களும் அதைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. வீரர்களின் சம்பளத்துக்கும் 1961 வரை வாரத்துக்கு 20 பவுண்டு என்ற உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பு வீரர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிதான், அது ஒழிந்தது சரியே; ஆனால் அது இருந்தவரை பெரிய கழகத்தின் பணத்துக்குச் சிறிய கழகத்தின் வீரரைப் பறிக்கும் வலிமை குறைவாக இருந்தது என்பதும் உண்மை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1983இல் நுழைவுச்சீட்டுப் பங்கீடு கைவிடப்பட்டு, சொந்த மைதானத்தின் வசூல் முழுவதும் அந்தக் கழகத்துக்கே என்றானது. அதே ஆண்டில்தான் லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து நேரடியாக ஒளிபரப்பும் முதல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. இரண்டு ஆண்டுகளுக்கு 52 லட்சம் பவுண்டு. பெரிய கழகங்கள் தனியே பிரிந்துபோவதாக மிரட்டியதை அடுத்து, 1985 இறுதியில் தொலைக்காட்சிப் பணத்தில் பாதி முதல் பிரிவுக்கும், கால்பங்கு இரண்டாம் பிரிவுக்கும், மீதிக் கால்பங்கு கடைசி இரண்டு பிரிவுகளுக்கும் என்று பங்கீடு மாற்றப்பட்டது. மிரட்டினால் பங்கு கூடும் என்ற பாடத்தைப் பெரிய கழகங்கள் அப்போதே கற்றுக்கொண்டன.

1992இல் நடந்தது என்ன?

ஆர்சனல், எவர்ட்டன், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம் ஆகிய ஐந்து கழகங்களின் முன்முயற்சியில், முதல் பிரிவில் இருந்த கழகங்கள் அனைத்தும் ஃபுட்பால் லீக்கிலிருந்து விலகித் தனி நிறுவனமாகப் பிரீமியர் லீக்கைத் தொடங்கின. அதற்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே ஆதரவளித்தது. மேலேறுதலும் கீழிறங்குதலும் முன்போலவே நீடித்ததால், ரசிகர்களின் கண்ணுக்குப் பெயர்ப்பலகை மட்டுமே மாறியதுபோல் தெரிந்தது. உண்மையில் மாறியது பணப்பெட்டியின் சாவி. அதுவரை 92 கழகங்களும் ஒரே அமைப்புக்குள் இருந்து பேரம் பேசின; இனி மேல்தளத்தின் ஒளிபரப்பு உரிமையை விற்பதும், அதில் எவ்வளவு கீழே அனுப்புவது என்று முடிவு செய்வதும் மேல்தளத்தின் கழகங்கள் மட்டுமே என்றானது.

முதல் ஐந்தாண்டு ஒப்பந்தம் 30.4 கோடி பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. 2013இல் தொடங்கிய மூன்றாண்டு ஒப்பந்தம் 300 கோடியைத் தாண்டியது. 2016இல் தொடங்கியது 513 கோடி. பிரீமியர் லீக்கின் முதல் தலைமை நிர்வாகியாக இருந்து இந்த ஏற்பாட்டை நிறுவியவர்களில் ஒருவரான ரிக் பாரி, 2019 முதல் இஎஃப்எல்லின் தலைவராக இருந்துகொண்டு, அதே ஏற்பாட்டால் விளைந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று போராடி வருகிறார்.

பிரீமியர் லீக்குக்குள் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது?

உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி 20 கழகங்களுக்கும் சமமாகவும், கால்பங்கு தரவரிசை இடத்தைப் பொறுத்தும், கால்பங்கு தொலைக்காட்சியில் எத்தனை ஆட்டங்கள் நேரடியாகக் காட்டப்பட்டன என்பதைப் பொறுத்தும் பிரிக்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பணம் நெடுங்காலம் முழுச் சமமாகப் பிரிக்கப்பட்டது. 2019 முதல் அதில் கூடுதலாக வரும் பகுதிக்கு மட்டும் தரவரிசை கணக்கிலெடுக்கப்படுகிறது. மொத்தத்தில், முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள விகிதம் 1.8க்கு 1 என்ற வரம்பைத் தாண்டக் கூடாது.

ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் இது மிகவும் சமத்துவமான பங்கீடுகளில் ஒன்று. தங்களுக்குள் இவ்வளவு நியாயமாகப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த 20 பேர், வாசலுக்கு வெளியே இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் சந்தையின் விதியைப் பேசுவது கவனிக்கத்தக்கது.

பாராசூட் தொகை என்பது என்ன? அது உதவியா, கேடா?

பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கும் கழகத்துக்கு, வருமானம் ஒரே கோடையில் சரிந்துவிடுவதால் ஏற்படும் அதிர்ச்சியைத் தணிக்க லீக் தரும் இடைக்கால உதவி அது. பிரீமியர் லீக் கழகங்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55 விழுக்காடும், இரண்டாம் ஆண்டு 45 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு 20 விழுக்காடும் அந்தக் கழகத்துக்குத் தரப்படும். ஒரே ஒரு பருவம் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கியிருந்தால் மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது. அண்மைய கணக்குகளில் முதல் ஆண்டுத் தொகை 4.5 கோடி முதல் 5 கோடி பவுண்டு வரை வருகிறது.

ஒரு கழகத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது முழுக்க நியாயமானது. மூன்று, நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் வீரர்களைச் சேர்த்த கழகம், தரமிறங்கிய மறுநாளே அந்த ஒப்பந்தங்களைக் கிழித்தெறிய முடியாது. இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால், மேலேறும் எந்தக் கழகமும் அங்கே தாக்குப்பிடிக்கத் தேவையான வீரர்களை வாங்கத் துணியாது என்று பிரீமியர் லீக் சொல்வதிலும் பொருள் உண்டு.

ஆனால் அந்தக் கழகம் போய்ச் சேரும் பிரிவின் பக்கம் நின்று பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது. சாம்பியன்ஷிப்பில் பாராசூட் தொகை பெறாத கழகத்துக்குப் பிரீமியர் லீக்கிலிருந்து வருவது சுமார் 50 லட்சம் பவுண்டு. பக்கத்தில் நிற்கும் கழகத்துக்கு அதைப்போல ஒன்பது, பத்து மடங்கு. இருவரும் ஒரே பட்டியலில், ஒரே இரண்டு நேரடி இடங்களுக்கும், அடுத்த இடங்களைப் பிடித்த கழகங்கள் மோதும் பிளே-ஆஃப் வழியாக வரும் ஓர் இடத்துக்கும் போட்டியிடுகிறார்கள். ஃபுல்ஹம் 2018இல் ஏறி, 2019இல் இறங்கி, 2020இல் ஏறி, 2021இல் இறங்கி, 2022இல் மீண்டும் ஏறியது. நார்விச் 2019இல் ஏறி, 2020இல் இறங்கி, 2021இல் ஏறி, 2022இல் இறங்கியது. பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட் ஆகிய இரண்டும் 2023இல் பாராசூட் தொகையின் துணையுடன் மேலேறி, மறு ஆண்டே இறங்கின.

பாராசூட் தொகை கையிலிருந்தால் ஏற்றம் உறுதி என்றும் சொல்லிவிட முடியாது. சண்டர்லாந்து 2017இல் பிரீமியர் லீக்கிலிருந்தும், 2018இல் சாம்பியன்ஷிப்பிலிருந்தும் அடுத்தடுத்து வீழ்ந்தது. லூட்டன் டவுன் 2024லும் 2025லும் அதே பாதையில் போனது. தவறாகச் செலவிடும் கழகத்தை எந்தப் பாராசூட்டும் தாங்காது. எனினும் இந்தத் தொகையின் பெரிய கேடு, அதைப் பெறுபவர்களின் வெற்றி தோல்வியைவிட, அதைப் பெறாதவர்களின் நடத்தையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அவர்களோடு ஈடுகொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில் மற்றக் கழகங்கள் தங்களிடம் இல்லாத பணத்தைச் செலவிடத் தொடங்குகின்றன.

மற்றக் கழகங்களுக்குப் பிரீமியர் லீக் எதுவுமே தருவதில்லையா?

தருகிறது. ஒருமைப்பாட்டுத் தொகை என்ற பெயரில் ஆண்டுதோறும் 72 கழகங்களில் பாராசூட் பெறாத அனைத்துக்கும் பணம் போகிறது. அதன் அளவு பாராசூட்டின் மூன்றாம் ஆண்டுத் தொகையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது: சாம்பியன்ஷிப் கழகத்துக்கு அதில் 30 விழுக்காடு, லீக் ஒன் கழகத்துக்கு 4.5 விழுக்காடு, லீக் டூ கழகத்துக்கு 3 விழுக்காடு. மூன்றாம் நிலைக் கழகம் ஒன்றுக்கு இது சில லட்சம் பவுண்டு என்ற அளவில் நின்றுவிடுகிறது. அந்தச் சில லட்சம் அக்கழகங்களுக்கு அற்பமானதன்று; பல இடங்களில் இளையோர் பயிற்சியாளர்களின் சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது. கீழ்நிலைகளுக்குத் தான் அள்ளித் தருவதாகப் பிரீமியர் லீக் கணக்குக் காட்டும்போது பாராசூட் தொகையையும் அதில் சேர்த்தே காட்டுகிறது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

வருமானத்துக்கு மேல் சம்பளம் கொடுப்பானேன்? இருப்பதைக் கொண்டு நடத்தக் கூடாதா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாம்பியன்ஷிப் கழகங்களின் மொத்தச் சம்பளச் செலவு, பல பருவங்களில் அவற்றின் மொத்த வருமானத்தையே தாண்டியிருக்கிறது. டெலாய்ட் நிறுவனத்தின் கணக்குப்படி 2020-21இல் அது வருமானத்தில் 125 விழுக்காடு. பெருந்தொற்றுக் காலத்தில் மைதானங்கள் காலியாக இருந்ததை அதற்குக் காரணமாகக் காட்டலாம். ஆனால் தொற்றுக்கு முன்பும் அது 100 விழுக்காட்டைத் தாண்டியே இருந்தது. வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு துறை முழுவதும் ஆண்டுக்கணக்கில் நடக்க முடியாது.

காரணத்தைத் தேடினால் மீண்டும் இடைவெளியில்தான் வந்து நிற்கிறோம். சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப் இறுதியில் வெல்லும் கழகத்துக்கு அடுத்த சில ஆண்டுகளில் வரக்கூடிய கூடுதல் வருமானம் 17 கோடி பவுண்டுக்குக் குறையாது என்று ஆண்டுதோறும் மதிப்பிடப்படுகிறது. ஒரே ஓர் ஆட்டத்தில் அவ்வளவு பணம் தொங்கும்போது, ஒரு கோல் அடிப்பவருக்காக இரண்டு கோடி கடன் வாங்குவது முதலாளிக்கு மடமையாகத் தோன்றுவதில்லை. படிக்கட்டில் ஒரே ஒரு படி மட்டும் ஆள் உயரம் இருந்தால் ஏறுபவர்கள் நடக்க மாட்டார்கள், தாவுவார்கள். தாவுபவர்களில் பலர் விழத்தான் செய்வார்கள். தனி ஒரு கழகம் அடக்கமாகச் செலவிட்டால் அது கீழே இறங்கும் அபாயமே கூடுகிறது, ஏனென்றால் மற்ற 23 கழகங்கள் அடங்கி இருக்கப்போவதில்லை.

இந்தப் பள்ளத்தை நிரப்புபவர்கள் முதலாளிகள். ஆண்டுதோறும் தங்கள் சொந்தப் பணத்தைக் கடனாகவோ பங்காகவோ உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1995இல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ், 2010 முதல் புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணைக் குழுமமான வெங்கீஸின் கையில் இருக்கிறது; 2012இல் கீழிறங்கிய அது, பிறகு முதலாளிகள் அனுப்பும் பணத்தையே நம்பி வந்திருக்கிறது. ஒரு கழகத்தின் உயிர் இப்படி ஒரு குடும்பத்தின் விருப்பத்தில் தொங்கிக்கொண்டிருப்பதுதான் கீழ்நிலைக் கால்பந்தின் வழக்கமான நிலை. அவர்கள் மனம் மாறினாலோ, அவர்களுடைய வேறு தொழில் நொடித்தாலோ, அடுத்த மாதச் சம்பளம் நின்றுவிடும்.

பெரி கழகத்துக்கு என்ன ஆயிற்று?

மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி நகரத்தின் கழகம் 1885இல் தொடங்கப்பட்டது. 1894 முதல் லீக்கில் இருந்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் எல்லாப் படிநிலைக் கழகங்களுக்கும் நடத்தும் எஃப்ஏ கோப்பையை 1900லும் 1903லும் வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டார்பி கவுன்டியை அது 6-0 என்று தோற்கடித்தது. 2018 டிசம்பரில் அது ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அந்தப் பருவத்தில் வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வராத நிலையிலும் அணி லீக் டூவில் இரண்டாமிடம் பிடித்து மேலேறியது. கடன்களைத் தீர்க்கவும் கழகத்தை நடத்தவும் பணம் இருக்கிறது என்பதை முதலாளியால் நிரூபிக்க முடியாததால், புதிய பருவத்தின் ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிவைக்கப்பட்டன. இறுதியில் 2019 ஆகஸ்டு 27 அன்று இஎஃப்எல் அதை வெளியேற்றியது. அந்த ஆண்டு லீக் ஒன் 23 கழகங்களுடனேயே நடந்தது.

பெரியின் வீழ்ச்சிக்கு முறையற்ற நிர்வாகமே நேரடிக் காரணம். பிரீமியர் லீக்கின் பணம் அந்தக் கழகத்தைக் கொல்லவில்லை. ஆனாலும் பணம் இருக்கிறதா என்று சரிபார்க்கப்படாமலேயே ஒருவர் நூற்றாண்டு கடந்த கழகத்தை வாங்க முடிந்தது என்பதும், மேல்தளத்தில் ஒரு வீரருக்கு ஓராண்டில் தரப்படும் சம்பளத்துக்கு நிகரான தொகை இல்லாமல் அது அழிந்தது என்பதும் ஒரே காலத்தில் ஒரே நாட்டில் நடந்தன. பின்னர் ரசிகர்கள் சேர்ந்து கிக் லேன் மைதானத்தை மீட்டார்கள். கழகம் இப்போது லீக்குக்கு வெளியே, பல படிகள் கீழே ஆடிக்கொண்டிருக்கிறது.

இது தனித்த நிகழ்வும் அன்று. 2013இல் எஃப்ஏ கோப்பை வென்ற விகன் 2020இலும், டார்பி கவுன்டி 2021இலும், ஷெஃபீல்ட் வென்ஸ்டே 2025 அக்டோபரிலும் திவால்கால நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்றன. டார்பிக்கு அந்தப் பருவத்தில் மொத்தம் 21 புள்ளிகள் கழிக்கப்பட்டன. மாக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் 2020 செப்டம்பரில் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டபோது அதன் கடன் ஐந்து லட்சம் பவுண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

கழகம் நொடித்தால் நட்டம் யாருக்கு?

கால்பந்துக்கு உள்ளே இருப்பவர்களுக்குக் குறைவு, வெளியே இருப்பவர்களுக்கு அதிகம். நொடித்த கழகம் லீக்கில் நீடிக்க வேண்டுமானால், வீரர்களுக்கும் மற்றக் கழகங்களுக்கும் தர வேண்டிய பாக்கியை முழுமையாகத் தீர்க்க வேண்டும் என்பது லீக்கின் விதி. வரித்துறையும், உணவு வழங்கியவரும், அச்சகக்காரரும், சலவை செய்தவரும் பவுண்டுக்குச் சில பென்ஸ் கிடைத்தால் போதும் என்று ஒதுங்க வேண்டியிருக்கிறது. வரித்துறை இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றும் அதை வீழ்த்த முடியவில்லை.

ஐடிவி டிஜிட்டல் விவகாரத்தை இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

கீழ்நிலைக் கழகங்களின் பேர வலிமை எவ்வளவு என்பதைக் காட்டியதால். 2001இல் தொடங்கிய மூன்று பருவங்களுக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாகக் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான ஐடிவி டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தை நம்பிக் கழகங்கள் சம்பள ஒப்பந்தங்களைச் செய்தன. 2002இல் நிறுவனம் கவிழ்ந்தபோது சுமார் 17.85 கோடி பாக்கி இருந்தது. உரிமையாளர்களான கார்ல்ட்டன், கிரனாடா நிறுவனங்களிடமிருந்து எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் பெறாமலே லீக் ஒப்பந்தம் செய்திருந்ததால் வழக்கும் தோற்றது. அதன் பிறகு ஸ்கை தந்தது நான்கு ஆண்டுகளுக்கு 9.5 கோடி மட்டுமே. லெஸ்டர் சிட்டி, இப்ஸ்விச் டவுன், பிராட்ஃபோர்ட் சிட்டி எனப் பல கழகங்கள் அடுத்தடுத்து நொடித்தன.

நட்டத்துக்கு வரம்பு விதிக்கும் சட்டங்கள் இருக்கின்றனவே, அவை போதாதா?

இருக்கின்றன, ஆனால் அவற்றிலும் இடைவெளி பதிந்திருக்கிறது. 2013 முதல் நடைமுறையில் இருந்த விதிப்படி பிரீமியர் லீக் கழகம் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நட்டப்படலாம். சாம்பியன்ஷிப் கழகத்துக்கு அந்த வரம்பு 3.9 கோடி. 2023-24இல் இந்த விதியை மீறியதற்காக எவர்ட்டனுக்கும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டுக்கும் புள்ளிகள் கழிக்கப்பட்டன. ஃபாரஸ்ட்டின் கணக்கில் சாம்பியன்ஷிப்பில் இருந்த ஆண்டுகளும் சேர்ந்ததால் அதன் வரம்பே குறைவாக இருந்தது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. அண்மையில் ஏறிய கழகத்துக்கு வருமானமும் குறைவு, நட்டப்பட அனுமதியும் குறைவு.

விதியைச் சுற்றிப்போகும் வழிகளையும் கழகங்கள் கண்டுபிடித்தன. டார்பியும் ஷெஃபீல்ட் வென்ஸ்டேயும் தங்கள் மைதானங்களைத் தங்கள் முதலாளிகளுக்கே விற்று, அதை வருமானமாகக் காட்டின. தாளில் நட்டம் குறைந்தது. ஆனால் கழகத்திடம் இருந்த ஒரே உறுதியான சொத்து கைவிட்டுப் போனது. இந்த வழி பின்னர் அடைக்கப்பட்டது.

இளம் வீரர்களை வளர்த்து விற்று ஈடுகட்ட முடியாதா?

நெடுங்காலம் அதுதான் சிறு கழகங்களின் பிழைப்பு. 2012இல் நடைமுறைக்கு வந்த உயர்நிலை வீரர் வளர்ச்சித் திட்டம் அதை மாற்றியது. அதற்கு முன் ஒரு பெரிய கழகம் சிறுவன் ஒருவனைக் கொத்திக்கொண்டு போனால், விலையில் உடன்பாடு வராதபோது நடுவர் குழு தீர்மானிக்கும். புதிய திட்டம் அவன் பயிற்சி பெற்ற ஆண்டுகளுக்கேற்ப நிலையான இழப்பீட்டுத் தொகையை நிர்ணயித்தது. அது பெரும்பாலும் முன்பு கிடைத்ததைவிடக் குறைவு. ஒப்புக்கொள்ளாவிட்டால் இளையோர் பயிற்சிக்கான ஆண்டு உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற நெருக்கடியில்தான் ஃபுட்பால் லீக் கழகங்கள் 2011இல் இதற்கு வாக்களித்தன. பிரென்ட்ஃபோர்ட் 2016இல் தன் பயிற்சிக் கூடத்தையே மூடிவிட்டு, பெரிய கழகங்கள் கழித்துவிட்ட இளைஞர்களைப் பொறுக்கியெடுக்கும் வழிக்கு மாறியது. சில ஆண்டுகளில் பிரீமியர் லீக்குக்குப் போன பிறகே அதை மீண்டும் திறந்தது.

எஃப்ஏ கோப்பையின் மறு ஆட்டங்கள் நீக்கப்பட்டதற்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

கோப்பை ஆட்டம் சமனில் முடிந்தால் எதிரணியின் மைதானத்தில் மறு ஆட்டம் நடக்கும்; வசூலை இரு கழகங்களும் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கம் இந்தக் கோப்பையில் மிஞ்சியிருந்தது. 2005 ஜனவரியில், லீக்குக்கு வெளியே ஐந்தாம் படிநிலையில் இருந்த எக்ஸிட்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட்டுடன் அதன் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் 0-0 எனச் சமன் செய்தது. மறு ஆட்டத்தில் தோற்றது. ரசிகர்கள் மீட்டெடுத்து நடத்திவந்த அந்தக் கழகத்தின் கடன் சுமையைத் தீர்க்க அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம் பெரிதும் உதவியது. பெரிய கழகங்களின் ஐரோப்பிய ஆட்டங்கள் கூடிவிட்டன என்ற காரணத்தால் 2024-25 முதல் முதற்சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் இல்லை. நீக்கும் முடிவில் தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று கீழ்நிலைக் கழகங்கள் பல வெளிப்படையாகக் குறைகூறின.

ஆனால் சிறிய கழகங்கள் மேலே வந்துகொண்டுதானே இருக்கின்றன?

வருகின்றன. லூட்டன் 2009இல் 30 புள்ளிக் கழிப்பால் லீக்கைவிட்டே வெளியேறி, 14 ஆண்டுகளில் பிரீமியர் லீக்கை எட்டியது. பிரென்ட்ஃபோர்ட் 2009இல் நான்காம் படிநிலையில் இருந்தது. 2021 முதல் உச்சியில் ஆடுகிறது. ஹாலிவுட் நடிகர்கள் இருவர் 2021இல் வாங்கிய ரெக்ஸம், 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஏறியது.

ஏணி இருக்கிறது என்பதற்கு இவை சான்று. ஏணி எல்லோருக்கும் எட்டும் என்பதற்குச் சான்றாகா. பிரென்ட்ஃபோர்டின் பின்னால் புள்ளியியல் வழியில் வீரர்களைத் தேர்ந்தெடுத்த, பணமும் பொறுமையும் உள்ள ஒரு முதலாளி இருந்தார். ரெக்ஸத்தின் பின்னால் உலகம் முழுவதும் பார்க்கப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடர் இருந்தது. மேலே வந்தபின் நிலைப்பதும் கடினமாகி வருகிறது. ஏறிய மூன்று கழகங்களும் மறு ஆண்டே இறங்கியது 1997-98இல் ஒருமுறை நடந்தது. பிறகு 2023-24லும் 2024-25லும் அடுத்தடுத்து நடந்தது.

கீழ்நிலைகளில் பார்ப்பவர்கள் இல்லை என்று எண்ணுவதும் சரியன்று. லீக் ஒன்னில் ஆடியபோதும் சண்டர்லாந்தின் மைதானத்துக்குச் சராசரியாக 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2018ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள் வந்தவர்கள் 46,039 பேர். கூட்டம் இருக்கிறது, கூட்டத்தைப் பணமாக்கும் ஒளிபரப்பு ஒப்பந்தம்தான் இல்லை.

பிற நாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் முதல் இரண்டு பிரிவுகளின் 36 கழகங்களும் ஒரே அமைப்பின் வழியாக உரிமையை விற்கின்றன. இரண்டாம் பிரிவுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகிறது. ஸ்பெயினில் 2015இல் வந்த அரசாணை முதல் பிரிவுக்கு 90 விழுக்காடு, இரண்டாம் பிரிவுக்கு 10 விழுக்காடு என்று வகுத்தது. பேயர்ன் மியூனிக்கும் ரியல் மாட்ரிடும் அதனால் ஏழையாகிவிடவில்லை; அங்கே உச்சியில் வேறு வகையான ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் இரு லீக்குகளின் ஒளிபரப்புப் பணத்தைச் சேர்த்து அதில் 25 விழுக்காடு கீழே வர வேண்டும், பாராசூட் ஒழிய வேண்டும் என்பதே இஎஃப்எல்லின் நெடுநாள் கோரிக்கை. 2020 அக்டோபரில் லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் அதே 25 விழுக்காட்டைத் தர முன்வந்தன. ஆனால் அதற்கு விலையாகப் பெரிய கழகங்களுக்குக் கூடுதல் வாக்குரிமை கேட்டன. மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள்.

அரசு அமைத்துள்ள ஒழுங்குமுறை ஆணையம் இதைத் தீர்க்குமா?

ஓரளவுக்கு. பெரியின் வீழ்ச்சியும், 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கழகங்கள், ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் தங்களுக்கெனத் தனியே தொடங்க முயன்ற ஐரோப்பிய சூப்பர் லீக்குக்குத் தாவ முயன்று சில நாள்களில் பின்வாங்கியதும் அரசை அசைத்தன. டிரேசி கிரவுச் தலைமையில் நடந்த ரசிகர்கள் சார்ந்த ஆய்வு 2021 நவம்பரில் தன் பரிந்துரைகளைத் தந்தது. வீரர் விலையில் 10 விழுக்காடு வரி விதித்துக் கீழே அனுப்பலாம் என்ற அதன் யோசனை ஏற்கப்படவில்லை. சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம் என்ற யோசனை ஏற்கப்பட்டு, கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. முதல் ஐந்து படிநிலைகளின் கழகங்கள் இனி உரிமம் பெற வேண்டும். வாங்க வருபவரின் பணத்துக்கும் தகுதிக்கும் சோதனை உண்டு. மைதானத்தை விற்க ஆணையத்தின் அனுமதி தேவை.

பணப்பங்கீட்டில் ஆணையத்தின் அதிகாரம் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. இரு லீக்குகளும் தாங்களாக உடன்பட முடியாவிட்டால், இரு தரப்பின் முன்மொழிவுகளையும் கேட்டு ஆணையம் தீர்மானிக்கலாம்; பாராசூட் தொகையும் அந்த வரம்புக்குள் வரும். பல ஆண்டுகள் பேசியும் 2024 மார்ச்சில் பிரீமியர் லீக் கழகங்கள் எந்த முன்மொழிவையும் வாக்கெடுப்புக்குக்கூடக் கொண்டுவராமல் கலைந்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்த அதிகாரம் இல்லாமல் எதுவும் நகராது என்பது தெரியும். மோசமான முதலாளிகளை வடிகட்டுவதில் ஆணையம் விரைவில் பயன் தரும் என்று எதிர்பார்க்கலாம். இடைவெளியைக் குறைப்பது, அது பாராசூட்டைத் தொடத் துணிகிறதா என்பதைப் பொறுத்தது.

ஒரு கழகத்தின் நிதிநிலையை நானே எப்படிச் சரிபார்ப்பது?

பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் எந்தக் கழகத்தின் ஆண்டுக் கணக்கையும் கட்டணமின்றிப் படிக்கலாம். முதலில் சம்பளச் செலவை மொத்த வருமானத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு முதலாளிக்கோ அவருடைய வேறு நிறுவனத்துக்கோ தர வேண்டிய கடனைப் பாருங்கள். அது ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனால் கழகம் அவருடைய தயவில் இருக்கிறது என்று பொருள். மைதானம் கழகத்தின் சொத்துப் பட்டியலில் இருக்கிறதா, வேறொரு நிறுவனத்தின் பெயருக்கு மாறிவிட்டதா என்று தேடுங்கள். தணிக்கையாளரின் அறிக்கையில் கழகம் தொடர்ந்து இயங்குவதைக் குறித்து ஐயம் எழுப்பும் பத்தி இருந்தால் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கணக்கு தாக்கல் செய்யும் காலக்கெடு தவறியிருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை. லீக் டூவின் பல கழகங்கள் சிறு நிறுவனங்களுக்கான சுருக்கக் கணக்கை மட்டுமே தாக்கல் செய்வதால், அவற்றில் சம்பள விவரம் இருக்காது; அங்கே கடனும் சொத்தும் முந்தைய ஆண்டைவிட எப்படி மாறியிருக்கின்றன என்பதைக் கொண்டே கணிக்க வேண்டியிருக்கும்.